ஓபராமர்காவ்: நேர்ச்சையும் விருந்தோம்பலும்

செர்மனியின் தென்பகுதியில், மியூனிக் மாநகரிலிருந்து ஆல்ப்ஸ் மலைகளை நோக்கி ஏறக்குறைய 90 கிலோமீட்டர் சென்றால், அம்மர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓபராமர்காவ் என்னும் சிற்றூர் இருக்கின்றது. மூர்நாவ் நிலையத்தில் பெரிய புகைவண்டியை விட்டிறங்கி, 1900-ஆம் ஆண்டில் போடப்பட்ட கிளைப்பாதையில் சிறு வண்டியொன்றில் ஏறிச் செல்ல வேண்டும். பசும்புல் வெளிகளையும் மேயும் ஆநிரைகளையும் கடந்து வண்டி நிற்கும் இடமே ஊர். கோஃபெல் என்னும் கூரிய மலைமுடி ஊரின் தலைமேல் கவிந்து நிற்கின்றது. அதன் உச்சியில் ஒரு சிலுவை. வீட்டுச் சுவர்களிலோ திருவிவிலியக் காட்சிகளும் புனிதர்களின் திருவுருவங்களும் வண்ணம் தீட்டப்பட்டு விளங்குகின்றன. மக்கள்தொகை ஏறக்குறைய 5,000. மரச்சிற்பம் செதுக்குவது அவர்களது பழந்தொழில்.

இவ்வூரார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் திருப்பாடுகளின் நாடகத்தைப் பற்றி நம் வாசகர்களுள் பலர் கேள்வியுற்றிருப்பர். ஆதலின் வரலாற்றைச் சுருங்கக் கூறி மேலே செல்வோம். முப்பதாண்டுப் போரின் நடுவே கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தது. வீடுதோறும் பிணம் விழவே, 1633-ஆம் ஆண்டில் ஊர்ப் பெரியோர் ஒன்றுகூடி, ஆண்டவரின் திருப்பாடுகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடித்துக் காட்டுவதாக நேர்ச்சை செய்தனர். அதன்பின் அந்நோயால் எவரும் இறக்கவில்லை என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1634-இல் கோவிலை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் முதல் நாடகம் நடந்தது.

நாம் இங்கு எழுத விழைவது நாடகத்தைப் பற்றியன்று. நாடகம் காண வருவோருக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கும் குடும்பங்களைப் பற்றியே. நெடுங்காலம் அவர்கள் தமக்காகவும் அண்டை ஊராருக்காகவும் மட்டுமே நடித்து வந்தனர். கூட்டம் பெருகவே 1830-இல் அரங்கு கல்லறைத் தோட்டத்தைவிட்டு ஊர்ப்புறத்துப் புல்வெளிக்கு மாறியது. 1880-இல் தாமஸ் குக் நிறுவனத்தார் ஆங்கிலேயப் பயணிகளை அழைத்துவரத் தொடங்கினர். வந்தவர்கள் எங்கே உறங்குவது? சிற்பியின் வீட்டிலும் குயவர் வீட்டிலுமே உறங்கினர். 1900, 1910, 1922 ஆகிய ஆண்டுகளில் இயேசுவாக நடித்த ஆன்டன் லாங் ஒரு மட்பாண்டக் கலைஞர். மேடையில் சிலுவை சுமந்த அவரே தம் இல்லத்தில் விருந்தினரை உபசரித்தார். அவர் கைப்பட வனைந்த பாண்டத்தை வாங்கிச் செல்வதைப் பயணிகள் பெரும்பேறாகக் கருதினர்.

இந்த இணைப்பு இன்றளவும் நீடிக்கின்றது. நாடகச் சீட்டுகளிற் பெரும்பகுதி ஓரிரவு அல்லது ஈரிரவுத் தங்கலோடும் உணவோடும் சேர்த்தே விற்கப்படுகின்றது. அரங்கில் 4,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம். அதாவது, வாரத்தில் ஐந்து நாள்கள், ஐந்து மாத காலம், ஊரின் தொகைக்கு ஏறத்தாழ ஒப்பான தொகையினர் நாள்தோறும் வந்து சேர்கின்றனர்! 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

அவ்வாண்டு நாமும் அங்குச் சென்று ஒரு சிற்பியின் இல்லத்தில் தங்கினோம். வீட்டுத் தலைவி பாடகர் குழுவில் ஒருவர். கணவர் எருசலேம் மக்கட்கூட்டத்தில் ஒருவர். மே மாதம் முதல் பிள்ளைகளின் அறைகள் இரண்டும் விருந்தினருக்கு உரியவை. பிள்ளைகள் கூரையடி அறையில் பாய் விரித்தாற்போல் மெத்தை போட்டுப் படுக்கின்றனர். அதிகாலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பரிமாறி, படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்து, நண்பகலுக்குமேல் அரங்குக்கு ஓடுகிறார் அந்த அம்மையார். இரவு பத்தரை மணிக்கு நாடகம் முடிந்து வீடு திரும்பியபின், மறுநாட் காலைக்கான மேசையை அடுக்குகிறார். “களைப்பாக இல்லையா?” என்று, உடன் வந்த குருவானவர் வாயிலாகக் கேட்டோம். “களைப்புத்தான் தந்தையே. ஆனால் இது முடிந்த அடுத்த கோடையில் வீடு வெறிச்சென்று இருக்கும், அதுதான் இதைவிடக் கடினம்” என்றார்.

பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் இந்த விருந்து, இடைப்பட்ட ஆண்டுகளையும் ஆட்டிப்படைக்கின்றது. நாடகத்துக்கு முந்திய ஆண்டின் விபூதிப் புதனன்று ஊரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படுகின்றது. அன்றுமுதல் நடிகர்கள் ஆணும் பெண்ணும் முடி வெட்டலாகாது; ஆடவர் தாடியும் வளர்க்க வேண்டும். உரோமைப் படைவீரராக நடிப்போருக்கு மட்டும் விலக்கு. ஒட்டுத்தாடிக்கோ பொய்முடிக்கோ அங்கு இடமில்லை. (நம் ஊர்களில் பாஸ்கா நடத்துவோர் தவக்காலக் கடைசி வாரத்தில் ஒட்டுத்தாடி தேடி அலைவதை அறிந்த நமக்கு இது வியப்பாயிருந்தது!) அஞ்சல்காரரும் ஆசிரியரும் வங்கி எழுத்தரும் ஓராண்டுக்கு மேல் திருத்தூதரின் தோற்றத்தோடே பணிக்குச் செல்கின்றனர். முதன்மை வேடம் ஏற்பவர்கள் வேலைநேரத்தைக் குறைத்துக்கொள்ளவோ விடுப்பு எடுக்கவோ வேண்டியிருக்கின்றது. கிடைக்கும் ஊதியம் அந்த இழப்பை ஈடுசெய்வதோடு சரி.

பெண்களின் நிலை இன்னும் கடினமாயிருந்தது. மணமாகாதவராய், 35 வயதுக்கு உட்பட்டவராய் இருந்தால் மட்டுமே அவர்கள் மேடை ஏறலாம் என்பது பழைய விதி. மேடை ஏறும் ஆசையால் திருமணத்தைத் தள்ளிப் போட்ட பெண்கள் உண்டு. மணமான பெண்ணோ அடுப்படியில் நின்று விருந்தினருக்குச் சமைத்துக்கொண்டே, தான் நடிக்க இயலாத நாடகத்தின் பாட்டை முணுமுணுக்க வேண்டியதுதான். ஊர்ப் பெண்கள் சிலர் நீதிமன்றம் ஏறி வழக்காடி 1990-இல் அவ்விதியை ஒழித்தனர். விருந்தின் சுமையை முழுதும் தாங்குவோருக்கு மேடையில் பங்கில்லை என்பது எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?

இரண்டாம் பகுதியை இரவில் நடத்துவது என்ற திட்டம் வந்தபோது ஊரார் அதனை வாக்கெடுப்புக்கே விட்டு, 2007-இல் ஏற்றுக்கொண்டனர். வெளியூரார்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், ஆயிரக்கணக்கானோர்க்கு நண்பகலில் பரிமாறிய உணவை இடைவேளையின் மூன்று மணி நேரத்துள் மாலையில் பரிமாறுவதென்றால், ஊர் அடுப்புகள் அனைத்தின் மணிக்கூறும் அன்றோ மாறுகின்றது?

பணம் வந்தது உண்மை. ஆனால் அது எப்போதும் நிலைத்து நிற்கவில்லை. 1922-இல் திரள்திரளாய் வந்த விருந்தினர் கொடுத்த காசை அடுத்த ஆண்டின் பணவீக்கம் விழுங்கிவிட்டது. 1923-இன் இறுதியில் ஆன்டன் லாங்கும் தோழர் சிலரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறித் தங்கள் சிற்பங்களையும் பாண்டங்களையும் விற்க நேர்ந்தது. நாடகத்தை நடத்துவது ஊராட்சியே. வருவாயும் ஊருக்கே சேர்கின்றது. அதனால் அரங்கின் கணக்கு ஒவ்வொரு வீட்டாரின் கவலையாகவும் ஆகிவிடுகின்றது.

விருந்தினர் கொண்டுவருவது காசு மட்டுமன்று. 300-ஆம் ஆண்டு நிறைவாக 1934-இல் நடந்த சிறப்பு நாடகத்தைக் காண வந்து அமர்ந்தவருள் இட்லரும் ஒருவர். யூதரை இழிவாகக் காட்டிய பகுதிகளே அவரது மனத்துக்கு உகந்தவையாயிருந்தன. அந்த நாடக வசனத்தைத் திருத்தி எழுதியவர் யார் என்று எண்ணினால் நமக்கு நெஞ்சு கனக்கின்றது. 19-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் பங்குத்தந்தையாயிருந்த டைசன்பெர்கர் என்னும் நற்குருவே அவர். தீங்கு நினையாதவர், ஆயினும் தம் காலத்துத் தப்பெண்ணங்களைத் தாமறியாமலே எழுத்தில் ஏற்றிவிட்டார்.

ஆண்டவரின் பாடுகளுக்கு அக்காலத்து யூதர் அனைவரையுமோ இக்காலத்து யூதரையோ பொறுப்பாக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அதற்குப் பிறகும் 1970-இல் பழைய வசனமே மேடையேறியது. யூத அமைப்புகள் நாடகத்தைப் புறக்கணிக்குமாறு வேண்டின. ஊர் இரு கட்சியாகப் பிரிந்தது. “எம் முன்னோர் நேர்ந்ததை மாற்ற நீவிர் யார்?” என்பது ஒரு தரப்பு. “நம் வீட்டு மேசையில் அமர்ந்து உண்பவரின் முகத்தை நோக்கி இதனைச் சொல்ல முடியுமா?” என்பது மறுதரப்பு. நேர்ச்சை செய்தது திருப்பாடுகளைக் காட்டுவதற்கே, ஒரு குறிப்பிட்ட வசனத்தைக் காப்பதற்கன்று. ஆகவே இரண்டாம் தரப்பினரே நேர்ச்சையை நன்குணர்ந்தவர் என்பது நம் கருத்து. பல்லாண்டு வாக்குவாதத்திற்குப் பின், யூத மக்கள்மீது பழி சுமத்தப் பயன்பட்டுவந்த அந்த இரத்தப்பழி வாக்கியம் 2000-இல் நீக்கப்பட்டது. பின்னர் வந்த நாடகங்களில் இயேசுவும் சீடரும் எபிரேய மொழியிலேயே மன்றாடுகின்றனர். 2022-இல் யூதாசாக நடித்த இருவருள் ஒருவர் துருக்கிய வம்சாவளியில் வந்த இஸ்லாமிய இளைஞர். ஊரில் பிறந்தவர், அல்லது 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர் நடிக்கலாம் என்பதே விதி; அவரும் ஊராரே அல்லவா?

நாம் கண்ட நாடகம் உண்மையில் 2020-க்கு உரியது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கவிழாவிற்கு இரண்டு மாதமே இருக்கையில் கொரோனாத் தொற்று பரவ, மார்ச்சுத் திங்களில் எல்லாம் நிறுத்தப்பட்டது. கொள்ளைநோயால் பிறந்த நாடகத்தைக் கொள்ளைநோயே தடுத்தது! ஓராண்டாய் வளர்த்த தாடியை மழித்துக்கொண்டு, பேசிவைத்த விருந்தினருக்கெல்லாம் வர வேண்டாமென்று கடிதம் எழுதியதாக நம் வீட்டுத் தலைவி கூறினார். 2021-இன் விபூதிப் புதனன்று மீண்டும் அதே அறிவிப்பு. மீண்டும் அதே தாடி.

2022 அக்டோபர் 2-ஆம் நாள் இறுதி நாடகம் முடிந்தது. மறுநாட்களில் முடிதிருத்துவோர் கடைகளின் முன் திருத்தூதரும் ஆயக்காரரும் முறைகாத்து நின்றனராம். கூரையடி அறையிலிருந்து பிள்ளைகள் கீழே இறங்கிவந்தனர் என்றும், மூத்தவனுக்குத் தன் பழைய கட்டில் நீளம் போதவில்லை என்றும் அந்த அம்மையார் கிறிஸ்துமஸ் வாழ்த்து மடலில் நமக்கு எழுதியிருந்தார். அடுத்த நாடகம் 2030-இல்.