வின்ஸ்லோ ரயிலடியிலிருந்து ஒரு நன்றி

மதிப்பிற்குரிய மேரி கோல்ட்டர் அம்மையாருக்கு,

நீங்கள் காலமாகி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தக் கடிதம் வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லவேண்டிய சேதி ஒன்று பாக்கியிருக்கிறது.

அரிசோனா பாலைநிலத்தில், வின்ஸ்லோ என்ற சிறு ஊரின் ரயிலடியில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், அங்கே போனது உங்களுக்காக அல்ல. ஒரு பாட்டால் பேர்பெற்ற தெருமுனையைப் பார்க்கத்தான். அதற்குப் பத்து நிமிடம் போதும். மிச்சப் பொழுதெல்லாம் நீங்கள் வடிவமைத்த 'லா பொசாடா' விடுதியில் கழிந்தது.

ரயிலடி என்றால் கூட்டமும் இரும்புப் பெஞ்சும் என்று பழகியவன் நான். நீங்களோ வண்டியை விட்டு இறங்குகிறவனைத் தோட்டத்து வழியாக நேரே ஒரு பழைய வீட்டுக்குள் அழைத்துப் போகிறீர்கள். ஸ்பானியப் பண்ணையார் ஒருவரைக் கற்பனை செய்து, அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இழுத்துக் கட்டிய வீடு என்று கதை வைத்தீர்களாமே! புது நாற்காலியைப் பழசாகக் காட்டப் பாடுபட்டிருக்கிறீர்கள். சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணத்துக்குக்கூட நெட்டைக் காது முயல் ஒன்று காவல். பெரும்பாலும் ஆண்களே கட்டடம் வரைந்துகொண்டிருந்த காலத்தில், 61 வயதில், இத்தனை குறும்பு உங்களுக்கு.

நேரம்தான் சரியில்லை. 1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. 1930 மே மாதம் விடுதி திறந்தது. விடுதியை நடத்திய ஃப்ரெட் ஹார்வி கம்பெனிக்கும் அந்தப் பாதையில் வண்டி ஓட்டிய சாண்டா ஃபே ரயில்வேக்கும் அதன்பின் பழைய செழிப்பு நிலைக்கவில்லை. ஜனங்கள் காருக்கு மாறினார்கள். 1957-இல் விடுதியை மூடினார்கள். அதே ஆண்டு, காலப் ஊரில் நீங்கள் உருவாக்கிய எல் நவாஹோ விடுதியை இடித்தார்கள். 1958 ஜனவரியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். 1959-இல் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலம் போயின. அறுபதுகளில் ரயில்வேக்காரர்கள் உள்ளே தடுப்பு வைத்து ஆபீஸ் ஆக்கினார்கள். கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், ஆபீஸ் இருந்ததால்தான் கட்டடம் கடப்பாரைக்குத் தப்பியது. தொண்ணூறுகளில் அவர்களும் கிளம்ப முடிவெடுத்தபோது, ஊர்க்காரர்கள் சிலர் விடாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். விடுதி நடத்திப் பழக்கமே இல்லாத ஆலன் அஃபெல்ட் என்பவர் பல வருடம் பேரம் பேசி வாங்கி, ஓவியரான மனைவி டினா மியோனுடன் 1997-இல் திரும்பத் திறந்தார். அவர்களுக்கும் சேர்த்துத்தான் என் நன்றி.

இருட்டியபோது தூரத்தில் ஊதல் கேட்டது. சிகாகோவிலிருந்து வருகிற சவுத்வெஸ்ட் சீஃப். நாலைந்து பேர் இறங்கினார்கள். பெட்டியை இழுத்துவந்த பாட்டி ஒருவர் வாசலில் நின்று, செடிகளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

லாஸ் ஏஞ்சலஸ் போகும் வண்டி மாலையில், சிகாகோ போகும் வண்டி விடியற்காலையில். இரண்டும் உங்கள் வாசலில் இன்னும் நிற்கின்றன, அம்மா.

இப்படிக்கு,
உங்கள் திண்ணையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்த பயணி