பிரேக் மிதி இறுகினால் எங்கே தேடுவது?

செராமிக் படிக்கிறவனுக்கு கார் பிரேக்கில் என்னடா வேலை என்று ஆட்டோமொபைல் படிக்கும் நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது நண்பர்களே! நம் லேப்பில் புக் மில் ஓடும்போது களிமண்ணிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிறோமே, அதே வேக்கம்தான் காரில் டிரைவரின் காலுக்குத் துணை நிற்கிறது.

கம்மாபுரத்தில் என் தாய்மாமா ஒரு பழைய டீசல் இண்டிகாவை வாடகைக்கு ஓட்டுகிறார். 1998-ல் அறிமுகமாகி, 2018-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. காலையில் பள்ளிப் பிள்ளைகள், முகூர்த்த நாளில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் சவாரி என்று அதில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. போன ஆவணியில் பிரேக் மிதி கல்லாக இறுக ஆரம்பித்தது. "மாப்ள, நான் காலால மிதிக்கலடா, இடுப்பால மிதிக்கிறேன்" என்றார். பின்சீட்டில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஓட்ட முடியுமா?

பட்டறையில் டிஸ்க் பேட் மாற்றினார்கள். இரண்டு முறை பிளீடிங் செய்தார்கள். பிறகு பூஸ்டரே போய்விட்டது, புதுசு போடணும் என்றார்கள். மாமாவின் ஒரு மாத வருமானம் அதிலேயே போய்விடும்.

என்னைக் கேட்டால், மிதி இறுகும்போது பிளீடிங் செய்வது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது மாதிரி. பிரேக் ஆயிலில் காற்று புகுந்தால் மிதி ஸ்பாஞ்சு போல அமுங்கும், இறுகாது. இறுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேக்கம். (காலிப்பர் பிஸ்டனோ மிதியின் பின்னோ துருப்பிடித்து இறுகுவதும் உண்டு. ஆனால் அந்த இறுக்கம் எப்போதும் இருக்கும், வந்து வந்து போகாது.)

பூஸ்டர் என்பது உள்ளே ரப்பர் டயஃப்ரம் வைத்த தகர டப்பா. பெல்ஜியத்துக்காரர் ஆல்பெர்ட் தெவாந்த்ர் 1927-ல் கொண்டுவந்த வேக்கம் சர்வோவின் வாரிசு. மிதிக்காதபோது டயஃப்ரத்தின் இரண்டு பக்கமும் வேக்கம். மிதித்ததும் பின்பக்கம் வெளிக்காற்று புகுந்து டயஃப்ரத்தை முன்னால் தள்ளும். அது மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். எவ்வளவு பலம்? கணக்குப் போடுவோம். டயஃப்ரம் விட்டம் 20 செ.மீ. என்று வைத்தால் பரப்பு 314 சதுர செ.மீ. வேக்கம் 600 மி.மீ. பாதரசம் இருந்தால் சதுர செ.மீ.க்கு சுமார் 0.8 கிலோ. பெருக்கினால் 250 கிலோ! ஐந்து சிமெண்ட் மூட்டை எடை. அந்த உதவி போனாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் அத்தனையும் காலே தர வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே வேக்கம் கிடைக்கும். டீசலில் த்ராட்டில் அடைப்பு இல்லாததால் தனி பம்ப் வேண்டும். இண்டிகாவில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் உட்கார்ந்து, இன்ஜின் ஆயிலிலேயே ஓடுகிறது.

ஸ்பேனரை எடுக்கும் முன் காலாலேயே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்தி மிதியை நான்கைந்து தடவை அடித்தால் மிச்ச வேக்கம் தீர்ந்து மிதி இறுகும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், ஒன்று வேக்கம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டர் வேலை செய்யவில்லை. அடுத்து, இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு மிதித்துப் பாருங்கள். முதல் மிதி ஆழமாகவும் அடுத்தடுத்தது மேலே மேலேயும் நின்றால் பூஸ்டரும் ஒன்வே வால்வும் வேக்கத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

மாமாவின் வண்டி இந்த இரண்டாவது சோதனையில் பாஸ்! முதல் சோதனையில், காலையில் உடனே இறங்கிய மிதி, நெய்வேலி போய் வந்த சூட்டில் அசையவே இல்லை. ஒரு நிமிடம் கழித்து மெதுவாக இறங்கியது. "முதல் பிரேக் நல்லா இருக்கும், அடுத்தது கல்லு. கொஞ்சம் விட்டுப் புடிச்சா மறுபடி நல்லா இருக்கும்" என்று மாமா முன்பே சொன்னதும் இதுதான். அப்படியானால் பூஸ்டர் போகவில்லை, காற்று போகும் வழிதான் எங்கோ அடைபடுகிறது.

புக் மில்லில் வேக்கம் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? பம்ப் வாயில் ஒரு தடவை, சேம்பர் பக்கம் ஒரு தடவை கேஜ் பார்ப்போம். அதையேதான் செய்தோம். சாரிடம் கேட்டு லேப் கேஜை வாங்கிப் போனேன். பம்ப் வாயில் முள் சட்டென்று 600-ஐத் தாண்டியது. ஹோஸின் மறுமுனையில் அதே முள் நொண்டி நொண்டி ஏறியது. சூடான ஹோஸை விரலால் அழுத்தினேன், வெந்த வாழைத்தண்டு மாதிரி குழைந்தது. வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. கத்தியால் நீளவாக்கில் பிளந்தபோதுதான் தெரிந்தது: உள் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி, உரிந்து தொங்கியது. சூட்டில் மெத்தென்றானதும் உறிஞ்சுகிற வேகத்தில் அதுவே வழியை மூடிக்கொண்டிருக்கிறது.

"டீசல் ஹோஸ் ஒன்னு சும்மாதான் கெடக்கு, போட்டுடலாமா?" என்றார் மாமா. கூடாது. அது உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்கு. வெளிக்காற்று நசுக்குவதைத் தாங்க வேக்கம் ஹோஸ்தான் வேண்டும். விருத்தாசலத்தில் வாங்கிய புது ஹோஸ், பூஸ்டர் விலையில் சிறு பங்குகூட வரவில்லை. ஒன்வே வால்வையும் துடைத்து வாயால் ஊதிப் பார்த்தோம்: ஒரு பக்கம் போனது, மறுபக்கம் போகவில்லை.

இதே காரணத்தால்தான் ஏற்காடு, கொல்லிமலை இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்தி உருட்டும் டிரைவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு மூன்று மிதியில் டப்பா காலி. நான்காவது வளைவில்?

இப்போது மிதி மெத்தென்று இறங்குகிறது. ஆனால் ஹோஸுக்குள் அவ்வளவு ஆயில் ஏன் வந்தது என்ற கேள்வி பாக்கி. பம்பின் பிளேடு தேய்ந்திருக்கலாம், ஆயில் திரும்பும் வழி அடைபட்டிருக்கலாம். விட்டால் புது ஹோஸும் ஊறும், பூஸ்டர் டயஃப்ரமும் கெடும். பொங்கல் லீவுக்கு ஆல்டர்னேட்டரை இறக்குவதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.