பூட்டுக்குள் பூட்டு

வங்கியில் கண்ணன் கணக்கிலிருந்து முருகன் கணக்கிற்குப் பணம் மாற்ற வேண்டும். இரண்டு பேரேடும் கையில் இருந்தால்தான் பதிவு போட முடியும். ஒரு குமாஸ்தா கண்ணன் பேரேட்டை எடுத்துக்கொண்டு முருகனுடையதற்குக் காத்திருக்கிறார். முருகனிடமிருந்து கண்ணனுக்கு மாற்ற வேண்டிய இன்னொருவர் முருகனுடையதை வைத்துக்கொண்டு கண்ணனுடையதைக் கேட்கிறார். இருவரும் விடமாட்டார்கள். மாலை வரை ஒரு வரவும் இல்லை, பற்றும் இல்லை! கணினிக்காரர்கள் இதற்கு 'டெட்லாக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

லினக்ஸின் டெர்மினல் டிரைவர் பகுதி பல வருடங்கள் இந்தச் சிக்கலோடு போராடியது. 1996-ல் வந்த 2.0 பதிப்பில் கர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய பூட்டு. அதை வைத்திருப்பவரே மறுபடி கேட்டாலும் கிடைக்கும்; எத்தனை முறை என்று எண்ணிக்கை மட்டும் ஏறும். அவர் தூங்கப் போனால் பூட்டு தானாகவே திறந்துகொள்ளும். வசதிதான். ஆனால் யார், எதற்காகப் பூட்டினார் என்பதே மறந்து போனது.

2010-ல் ஆர்ன்ட் பெர்க்மன் டெர்மினலுக்கு மட்டும் தனிப் பூட்டு போட்டார். இது சாதாரணப் பூட்டு. உள்ளே இருப்பவரே மறுபடி கேட்டால், தனக்காகத் தானே காத்துக் கிடக்க வேண்டியதுதான். எனவே பூட்டுக்குள் பூட்டு வரும் இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. பெரிய பூட்டு 2011-ல் கர்னலை விட்டே போனது.

இந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலன் காக்ஸ், 2009-ல் லினஸ் டோர்வால்ட்ஸுடன் ஏற்பட்ட வாக்குவாதத்தில் பொறுப்பை உதறிவிட்டார். கதை அதோடு முடியவில்லை. 2012-ல் ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனித்தனிப் பூட்டு என்ற மாற்றத்தை எழுதியவரும் அவரே. முதல் முயற்சியைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருடம் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள்.

போலி டெர்மினல் என்பது இரண்டு முனைகள் கொண்ட ஜோடி. சில வேலைகளுக்கு இரண்டையுமே பூட்ட வேண்டும். எதை முதலில்? அதற்கு அவர் வைத்த விதி எளிமையானது: நினைவகத்தில் எதன் முகவரி சிறியதோ அதுவே முதலில். யார் கேட்டாலும் இதே வரிசை.

அந்தக் குமாஸ்தாக்களுக்கும் இது போதும். கணக்கு எண் சிறியதை முதலில் எடு என்று ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் இருவரும் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களிடம் இல்லாமல் போனது நல்ல மனசு அல்ல, ஒரு பொது வரிசை.