கொஞ்சம் தள்ளி உட்காருங்க!

மதுரை ஷேர் ஆட்டோக்காரர்களின் அகராதியில் 'ஃபுல்' என்ற வார்த்தையே கிடையாது.

"இன்னும் ஒரே ஆளுண்ணே... இந்தா கெளம்பிருச்சு" என்பார்கள். அந்த ஒரே ஆள் வந்து ஏறிய பிறகும் இன்னும் ஒரே ஆள் பாக்கி இருப்பார். பின் சீட்டில் மூன்று பேர், எதிர்ப் பலகையில் மூன்று பேர், டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் அரை ஆள். எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது, மார்க்கெட் கூடையோடு ஒரு அக்கா வந்து நிற்பார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்: "கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

ஆச்சரியம், இடம் வந்துவிடும்!

நான் மதுரைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஷேர் ஆட்டோவில்தான் போய் வருகிறேன். சொந்த ஊர், எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். பெயர் சொன்னால் தெரியாது. மேற்கே மலை, மிச்சமெல்லாம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் உசிலம்பட்டிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மதுரைக்கு ஒரு பஸ். செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை, காளவாசல் என்று வந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், முதலில் காதில் விழுவது ஷேர் ஆட்டோ சத்தம்தான். "சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணீ..."

இந்த வண்டியின் பூர்வீகம் வேடிக்கையானது. நம் ஊரில் 'ஆப்பே' என்று பிரபலமான மூன்று சக்கர வண்டி பிறந்தது 1948-ல், இத்தாலியில். யுத்தத்தில் நொடித்துப்போன தேசத்தில், சின்ன வியாபாரிகள் குறைந்த செலவில் சரக்கு ஏற்றிப் போக பியாஜியோ கம்பெனி செய்த வண்டி. இத்தாலிய மொழியில் 'ஆப்பே' என்றால் தேனீ. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே கம்பெனி கொண்டுவந்த ஸ்கூட்டரின் பெயர் வெஸ்பா. அப்படியென்றால் குளவி! 1999-ல் பியாஜியோ தன் மூன்று சக்கர வண்டிகளோடு இந்தியாவுக்கு வந்தது. அங்கே சரக்குக்கென்று செய்ததில், இங்கே நாம் ஆட்களையும் ஏற்றிக்கொண்டோம்.

உலகம் பூராவும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, இரண்டு பக்கமும் பலகை போட்டு 'ஜீப்னி' ஆக்கிக்கொண்டார்கள் பிலிப்பைன்ஸ் மக்கள். அதிலும் எதிரெதிரே முட்டி இடிக்கத்தான் உட்கார வேண்டும். பின்னால் இருப்பவரின் சில்லறை கை மாறி கை மாறி டிரைவரிடம் போகும். கென்யாவில் 'மடாட்டு'. அந்த ஊர் பாஷையில் மூன்று என்ற சொல்லில் இருந்து வந்த பெயர். ஆரம்பத்தில் மூன்று நாணயம் கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்களாம். பஸ் போதாத ஊரில், தனி ஆட்டோவுக்குக் காசு இல்லாத ஜனங்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட வாகனம் இது.

சட்டத்துக்கு மட்டும் இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சாதாரண ஆட்டோ என்றால் டிரைவர் போக மூன்று பேர். வாடகைக்குப் பேசிப் போகிற வண்டி வழியில் நிறுத்தி நிறுத்தி வேறு ஆளை ஏற்றக் கூடாது. அப்படி ஏற்றினால் அது பஸ் செய்கிற வேலை. ஷேர் ஆட்டோ பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை. தூரத்தில் காக்கிச் சட்டையைக் கண்டால் ஓரத்து ஆளை இறக்கி, "முன்னாடி நடந்து வாங்கண்ணே, ஏத்திக்கிறேன்" என்று சொல்லும் டிரைவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இதையெல்லாம் சொல்ல இல்லை. 2006-ல் ஒரு நாள் காலையில் நடந்ததைச் சொல்லத்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரை. வயக்காட்டில் முள் குத்தியது, பெரிதாகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். அது புண்ணாகி ஆறவே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வந்து கட்டு மாற்ற வேண்டும். ஊரில் இருந்து பஸ்ஸில் வந்துவிடுவார். நான் ஆரப்பாளையத்தில் காத்திருந்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போவேன். ஆளுக்கு ஐந்து ரூபாய்.

அன்றைக்கு எதிர்ப் பலகையில் ஓர் இடம்தான் பாக்கி. டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். ஓடி வந்து ஆட்டோவில் கை வைத்தவர், உள்ளே அப்பாவைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்க்காரர்தான். ஆனால், ஊருக்குக் கிழக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெரு. எங்கள் காட்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். அப்பாவைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருக்கும். சின்ன வயசில் அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன், 'வா, போ' என்றுதான் பேசியிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தால், அவர் டீயை வாங்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விடுவார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அது நடந்துகொண்டிருந்தது.

"நீங்க போங்கய்யா. நான் அடுத்ததுல வாறேன்" என்றார்.

டிரைவருக்கு இருபது வயசு இருக்கும். மதுரைப் பையன். அவனுக்கு எங்கள் ஊர் ஓடையும் தெரியாது, புளியமரமும் தெரியாது. "அடுத்த வண்டி எப்ப நெறஞ்சு எப்பக் கெளம்ப? ஏறு பெருசு, நேரமாச்சு! அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றான்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ரோட்டைப் பார்த்தார். நான்?

நான் என் செல்போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. சும்மா பார்த்தேன்.

"வாங்க, ஏறுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதுரையில் முன்பின் தெரியாத எத்தனை பேரை அண்ணே, அக்கா, மாமா என்று தினமும் கூப்பிடுகிறேன். பிறந்ததில் இருந்து தெரிந்த மனுஷனை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. அதனால் கூப்பிடவே இல்லை.

கடைசியில், பக்கத்தில் இருந்த பூக்கார அம்மாதான் சலித்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டது. "ஏறுய்யா, ஆசுபத்திரிக்குப் பிள்ளைய அனுப்பிட்டு வந்தவ நானு. ஒங்க பஞ்சாயத்தப் பெறகு வெச்சுக்கங்க."

ஏறினார். நேர் எதிரே அப்பா. முட்டியும் முட்டியும் இடித்தன. அவர் உடம்பைக் குறுக்கிக் குறுக்கிப் பார்த்தார். ஷேர் ஆட்டோவில் எவ்வளவுதான் குறுக முடியும்?

இந்த நாட்டில் வண்டிக்கும் சாதிக்கும் உள்ள சங்காத்தம் ரொம்பப் பழசு. 1901-ல் மாசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரையும் கூட வந்த பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ள எந்த மாட்டுவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார். ஆனால், மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். 1929-ல் அவர் படித்துப் பட்டம் வாங்கிய பாரிஸ்டர். அப்போதும் சாலிஸ்காவ்ன் ஊரில் குதிரை வண்டிக்காரர்கள் ஓட்ட மறுத்தார்கள். ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டி, பாலத்தில் வண்டி மோதி, அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது.

நம் பக்கமும் சளைத்ததில்லை. சுதந்திரத்துக்கு முன்னால், தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடமில்லை என்று பஸ் ஓட்டிய முதலாளிகள் இருந்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கிற பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சென்னையில் பாண்டி பஜார் என்று சுருக்கிச் சொல்கிறோமே, அது அவர் பெயர்தான். அப்புறம் அரசியல் சட்டமே வந்துவிட்டது. பஸ்ஸில் யாரும் யாரையும் இறங்கச் சொல்ல முடியாது.

ஆனாலும், பஸ்ஸில் முன் சீட்டு, பின் சீட்டு இருக்கிறது. நின்றுகொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஷேர் ஆட்டோவில் அந்த வசதி கிடையாது. எதிராளியின் மூச்சு உங்கள் மேல் படும்.

ஆட்டோ கிளம்பியது. சிம்மக்கல் தாண்டும்போது அவர் அப்பாவின் காலைப் பார்த்தார். வெள்ளைக் கட்டில் மஞ்சளாக ஈரம் கசிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் மடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்து மடித்து, அப்பாவின் கால் பக்கத்தில் அணையாக வைத்தார். தன் இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டார். இறங்கி ஏறுகிறவர்கள் யாரும் அந்தப் புண்ணை மிதித்துவிடக் கூடாது. அவ்வளவுதான். வழி முழுக்க அந்தக் கால்களுக்கு வேலிபோல இருந்தார்.

அது பரிவா, பழக்கமா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு விடை தெரியவில்லை. பரிவு என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

யானைக்கல்லில் திரும்பி வைகைப் பாலத்தில் ஏறுகிற இடத்தில், பெரிய குழி. ஆட்டோ ஒரு குதி குதித்தது. அப்பா நிலைதடுமாறி முன்னால் சாய்ந்து, சட்டென்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. பாலம் முழுக்க எடுக்கவில்லை.

"மக எப்பிடியிருக்கா?" என்று கேட்டார் அப்பா. அவர் மகள் பெரியாஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தது அப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"நேத்து ராத்திரி பெறந்துருச்சுய்யா. பொம்பளப் பிள்ள."

"நல்லது."

கோரிப்பாளையம் வந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்து பதினைந்து ரூபாய் எடுத்து டிரைவரிடம் கொடுத்தார் அப்பா. மூணு பேருக்கு. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தன் ஐந்து ரூபாயை நீட்டினார். டிரைவர் யாரிடம் வாங்குவதென்று விழித்துவிட்டு, அவருடைய ஐந்தை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு ஐந்தைத் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பையன் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா... அதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

இதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, டீக்கடை பெஞ்சில் அப்பா இருந்தார். அவர் புளியமரத்தடியில் இருந்தார். ஆரப்பாளையத்தில் இருந்து கோரிப்பாளையம் வரைக்கும்தான் அந்தச் சமத்துவத்துக்கு ஆயுள். ஐந்து ரூபாய்க்கு அவ்வளவுதான் கிடைக்கும்போல.

அப்பா 2011-ல் போய்ச் சேர்ந்தார். கேதத்துக்கு அவர் வந்தார். வாசலுக்கு வெளியே, தள்ளி நின்றார். நான் பந்தலை விட்டு இறங்கிப் போனேன். "உள்ள வாங்க. வந்து உட்காருங்க" என்றேன். அவரிடம் நான் முதன்முதலாகச் சொன்ன 'ங்க'. எனக்கு அப்போது முப்பத்தி நாலு வயசு. பெரியவர்கள் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தல்கால் வரைக்கும் வந்தார். உட்காரவில்லை. "கால் புண்ணோட ரொம்பச் செரமப்பட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது மதுரை மாறிவிட்டது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு, ஷேர் ஆட்டோவில் அக்காக்கள் கூட்டம் குறைந்துவிட்டது என்று டிரைவர்கள் புலம்புகிறார்கள். போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே தனி ஆட்டோ வருகிறது. வசதிதான். யார் முட்டியும் இடிக்காது. என் மகன் அதில்தான் போகிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் இன்னமும் ஷேர் ஆட்டோதான். ஐந்து ரூபாய் போய் இருபது ஆகிவிட்டது. எங்கள் ஊரில் 'தள்ளி உட்காரு' என்றால் கிட்டே வராதே என்று அர்த்தம். ஆரப்பாளையத்தில் அதே வார்த்தைக்கு இன்னொரு மனுஷனுக்கு இடம் கொடு என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டு பஸ் தூரம்.

அதனால், டிரைவர் சொல்வதற்கு முன்னாலேயே இப்போதெல்லாம் நான் தள்ளி உட்கார்ந்துவிடுகிறேன். அன்றைக்கு 2006-ல் சொல்லாமல் விட்ட அந்த 'வாங்க'வை, தெரியாதவர்களிடம் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறேன். பழைய பாக்கி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைக்க வேண்டும்.