பட்டினியும் பாவாடைக் கொக்கியும்

சென்ற ஜூன் மாதம் விடுதியில் எங்கள் நால்வரையும் தொந்திக் கவலை பிடித்துக்கொண்டது. இரவு உணவைத் துறந்தோம். உறங்குமுன் ஐம்பது முறை படுத்தெழுந்தோம். மூன்றே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. பாவாடை இடுப்போ அப்படியே இறுகிக் கிடந்தது! தொடரோட்டப் பயிற்சியில் கால்கள் துவண்டன. கோல் கைநழுவி விழுந்தது.

விளையாட்டு ஆசிரியை எங்களைக் கண்டு சிரிக்கவில்லை. படுத்தெழுந்தால் வயிற்றுத் தசை உறுதிப்படும். ஆனால் கொழுப்பை இன்ன இடத்திலிருந்து எடு என்று உடலுக்கு நாம் கட்டளையிட முடியாது என்றார். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையுமாம். “ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வளரும் பெண்கள் அதை ஒதுக்கலாமா?” என்று அவர் கேட்டபோது தலைகுனிந்தோம்.

அன்றுமுதல் மூன்று வேளையும் உண்டோம். முட்டை, சுண்டல், கீரை எதையும் மீதம் வைக்கவில்லை. மாலை பஜ்ஜியை மட்டும் விட்டோம். பட்டினியைவிட அதுவே கடினம்! ஓட்டத்தோடு கயிறு தாண்டுதலும் உட்கார்ந்தெழுதலும் சேர்ந்தன. மூன்று மாதத்தில் எடை ஒரு கிலோ ஏறியது. ஆயினும் பாவாடைக் கொக்கி மூச்சை அடக்காமலே பூட்டியது.

டிசம்பர் விளையாட்டு விழாவில் எங்களுக்கு மூன்றாமிடமே கிடைத்தது. அன்று மாலை மட்டும் ஆளுக்கொரு பஜ்ஜி தின்றோம்.