ஒரு மணி நேரத்தில் ஏழு தோல்வி

மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ், சுருக்கமா எம்.எம்.ஏ. குத்து, உதை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு எல்லாம் கலந்த கதம்ப சாதம். முதல் வகுப்பு இலவசம் என்று போர்டு வைத்திருந்தார்கள். இலவசம் என்றால் நாம விடுவோமா? ரூம்மேட்டையும் இழுத்துக்கொண்டு போனேன். என் எடை 54 கிலோ என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

முதல் இருபது நிமிஷம் குதிப்பது, உருளுவது, நண்டு மாதிரி நகர்வது. வார்ம் அப்பாம்! அதிலேயே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. பிறகு குத்து. கையால் குத்துவதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இடுப்பு திரும்பணும், பின்னங்குதிகால் சுழலணும், இன்னொரு கை தாடையை விட்டு இறங்கக் கூடாதாம். நம்ம ஹீரோக்கள் யாருக்கும் இது தெரியாது போல.

அடுத்துதான் மேட்டரே. தரையில் பிடி போடுவது. ஆனால் மாஸ்டர் பிடிக்கு முன்னால் தட்டுவதைச் சொல்லிக்கொடுத்தார். "மாட்டிக்கிட்டா ரெண்டு மூணு தட்டு தட்டு. கை ரெண்டும் மாட்டியிருந்தா வாயால சொல்லு. தட்டினா அடுத்தவன் உடனே விட்டுடணும்." விளையாட்டில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுற ரத்தக் குழாயை அமுக்கினால் சுமார் பத்து நொடியில் மயக்கம். முழங்கை பிடியில் வீம்பு பண்ணினால் மூட்டு போய்விடும்.

எனக்கு ஜோடி, நாற்பது வயசு தாண்டிய ஒரு அண்ணன். லேசா தொப்பை. ஏழு முறை தட்டினேன். ஏழு முறையும் சட்டென்று விட்டுவிட்டு, "மூச்சை அடக்காதீங்க தம்பி, முழங்கையை உடம்போட ஒட்டி வைங்க" என்று மாட்டிய காரணத்தையும் சொன்னார். பக்கத்தில் என் 85 கிலோ ரூம்மேட்டும் தட்டிக்கொண்டிருந்தான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

உடம்பு பெரிசா இருந்தால் ஜெயிக்கலாம் என்பதும் இல்லை. 1993-ல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி.யில் எடைப் பிரிவே கிடையாது. சுமார் 80 கிலோ இருந்த ராய்ஸ் கிரேசி ஒரே ராத்திரியில் மூன்று பேரைத் தட்ட வைத்தார். மூன்று பேரும் எழுந்து நடந்துதான் போனார்கள்.

திரும்பி வரும்போது ஸ்கூல் நண்பன் ஒருத்தன் ஞாபகம். வேற காலேஜ். நாலு அரியர். வீட்டில் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. கடைசி வருஷம் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டுப் போனவன் நம்பரையும் மாத்திட்டான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று ஆளாளுக்குப் பேசினோம். சொன்னால் பிடியை விடுவார்கள் என்று அவனுக்கு யார் காட்டினார்கள்? முதல் அரியரில் கேட்ட திட்டுக்கு அப்புறம் ரெண்டாவதை யார் சொல்லுவா? தட்டுறவனுக்கு மட்டும் பாடம் எடுத்தால் பத்தாது மக்களே, பிடிச்சிருக்கிறவனுக்கும் எடுக்கணும்.

அடுத்த வாரமும் போறேன், இந்த முறை காசு கட்டி. கழுத்து இன்னைக்குத்தான் இடது பக்கம் திரும்ப ஆரம்பிச்சிருக்கு :-)