தோஹாவில் ஒரு பகல்

2023ஆம் ஆண்டு சனவரியில் உம்ராவை நிறைவேற்றி ஜித்தாவிலிருந்து சென்னைக்குத் திரும்புகையில், இடைவழியில் தோஹாவில் 11 மணி நேரம் தங்க நேர்ந்தது. ஹமத் விமான நிலையத்தின் ஒரு மூலையில் துண்டை விரித்துத் துயில்வதே நமது எண்ணம். நம் இல்லாளோ, "தூக்கம் நம்ம ஊரிலேயே கிடைக்குமே" என்றார். 28 ஆண்டுகளில் அவர் நம்மிடம் கேட்டவை மிகச் சில. மறுக்க நாவெழவில்லை.

அனுமதி பெற்று மெட்ரோ ரயிலேறி, முஷைரிபில் வண்டி மாறி, சூக் வாகிஃப் கடைவீதியை அடைந்தோம். 30 ஆண்டுகளாக ஸர்ஃபும் நஹ்வும் கற்பித்த பெருமிதத்தோடு, ஒரு தேநீர்க் கடையில் இஃராப் பிழையின்றி வாக்கியமொன்றைத் தொடுத்தோம். கடைக்காரர் நம்மை ஏற இறங்க நோக்கி, "சாயா வேணோ?" என்றார். மலையாளி! வாசக நேயர்கள் நகைக்கலாம், இல்லாளும் நகைத்தார்.

அங்கிருந்து கடற்கரையோரமாய் நடந்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் சென்றோம். செயற்கைத் தீவொன்றில் எழுப்பப்பெற்று 2008இல் திறக்கப்பட்டது அது. வடிவமைத்தவர் சீனத்தில் பிறந்த அமெரிக்கரான ஐ. எம். பெய். 80 வயதைக் கடந்த பின், இஸ்லாமியக் கட்டடக் கலையின் உயிர்நிலை யாதெனத் தேடி நாடுகள் பல சுற்றிய அவர், கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளி முற்றத்திலுள்ள வுளூ மாடத்தில் அதைக் கண்டார். அரண்மனையிலன்று, கைகால் கழுவுமிடத்தில்!

உள்ளே ஒரு கண்ணாடிப் பேழையின் முன் நம் கால்கள் நின்றுவிட்டன. 10ஆம் நூற்றாண்டின் வெண்ணிற மட்கலம் ஒன்று. அதில் கறுப்பு நிறத்தில் கூஃபி எழுத்துகள். நுக்தாவோ ஹரகத்தோ தென்படவில்லை. "என்ன எழுதியிருக்கு?" என்றார் இல்லாள். மாணவர் முன் என்றும் தயங்கியறியாத நாம், "தெரியவில்லை" என்றோம். அச்சொல்லை அவர் நம் வாயிலிருந்து கேட்டது அதுவே முதன்முறையாக இருக்கலாம். பின்பு விளக்கப் பலகையைப் படித்தோம். வாய்ப்பை நழுவவிட்டபின் விதியை நோகிறவன் அறிவிலி என்பது அதன் கருத்து. விமான நிலையத்து மூலை நினைவுக்கு வந்தது, வாய் திறந்தோமில்லை. மீண்டும் கலத்தை நோக்கியபோது எழுத்துகள் ஒவ்வொன்றாய் முகங்காட்டின.

அஸரைக் கஸ்ராகத் தொழுது வெளிவந்தோம். இல்லாள் கடலோரத்தில் அமர்ந்து மரக்கலங்களைப் பார்த்திருந்தார். நேரமாயிற்று என்று இருமுறை சொன்னோம். மூன்றாம் முறை சொல்லாமல் நாமும் அருகில் அமர்ந்தோம்.